கடற்காகம் காகமா, புறாவா?
இராமேசுவரம் மீன்பிடித் துறையின் குளிர்காலப் பறவைகள் குறித்து முற்பட்ட ஓர் ஆய்வு

முன்னுரை

இவ்வாய்வானது இராமேசுவரம் மீன்பிடித் துறையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குளிர்காலத்தில் காணலாகும் பறவைகளை ஆராய முற்படுகிறது. ‘முற்படுகிறது’ என்ற சொல் யோசித்து இடப்பட்டது. ஆராய்ந்துவிட்டது என்றால் முடிவு என்ன என்று கேட்பார்கள். முற்படுகிறது என்றால் அடுத்த ஆண்டும் முற்படலாம்.

ஆய்வுக்கு வித்திட்ட நிகழ்வு வருமாறு. போன தை மாதம் துறையில் அரைமணி நேரம் நின்று எண்ணி, ‘கடற்காகம் – 40’ என்று பறவை ஆர்வலர் குழு ஒன்றுக்கு எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சரிபார்ப்பாளர் ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பினார். எந்தக் கடற்காகம்? எத்தனையாவது குளிர்காலம்? உள்சிறகின் கடைசி இறகுகளில் வெண்பிறை தெரிந்ததா? ‘எல்லாம் பசியோடு இருந்தன’ என்று பதில் எழுதினேன். தரவாக ஏற்கப்படவில்லை.

முன்னாய்வுகள்: இத்தலைப்பில் இதற்கு முன் ஆய்வு எதுவும் நிகழவில்லை. தேடிப் பார்க்காமல் இப்படி எழுதுவதே நம் ஆய்வேட்டு மரபு என்பதால் நானும் தேடவில்லை.

ஆய்வு எல்லை

மேற்கே பாம்பன் பாலம். கிழக்கே கடல். தெற்கே தனுஷ்கோடி, பெட்ரோல் இருக்கும் நாட்களில் மட்டும். மேலே, பறவை ஆய்வாளரின் தலைக்கு நேர் உயரம் வரை; நேர்மேலே வந்துவிட்டால் ஆய்வாளர் விலகிக்கொள்வார். அவ்வாறு விலகாத ஒரு நாளின் தரவு சட்டைத் தோளில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

குளிர்காலம் என்பதற்கும் வரையறை வேண்டும். இராமேசுவரத்தில் பனி பெய்யாது, மூச்சு புகையாது. வாடை திரும்பி, டீக்கடைக்காரர் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டும் நாள் முதல் அதை அவிழ்த்துத் தோளில் போடும் நாள் வரை குளிர்காலம் எனக் கொள்ளப்பட்டது (டீக்கடைக்காரர், நேரில் கண்டது). பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி இறங்குவதும் இந்தக் காலத்தில்தான். மற்ற ஊர்களில் பறவையைக் கூண்டில் அடைப்பார்கள். இங்கே புயலைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பறவையை வெளியே விட்டிருக்கிறார்கள். இதன் தத்துவப் பொருள் தனி ஆய்வுக்குரியது. வேறு யாராவது செய்யட்டும்.

களமும் கருவியும்

விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. மறுநாள் காலை கரை சேர்கின்றன. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறை நிறையப் பறவை. மற்ற நாட்களில் நாயும் நானும். பறவைகளுக்குக் கிழமை தெரியும் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. கூண்டு ஏறிய நாட்களில் டோக்கன் கிடையாது. அன்றைக்கும் அவை வந்து, படகுகளின் மேற்கூரையில் வரிசையாக உட்கார்ந்து, நிவாரணம் அறிவிக்கக் காத்திருக்கும் முகத்தோடு கடலைப் பார்த்தன. எனவே கிழமை தெரியும், வானிலை அறிக்கை தெரியாது என்று கண்டுபிடிப்பு திருத்தப்படுகிறது.

கருவி ஒரு பைனாகுலர். எல்லைக் கடலுக்குப் பக்கத்து ஊரில் பைனாகுலரோடு நிற்பவனுக்குத் தனிமை வாய்க்காது. மூன்றாம் நாளே, சீருடையில் இல்லாவிட்டாலும் சீருடைச் செருப்பு போட்டிருந்த ஒருவர் அருகில் வந்தார்.

“என்ன சார் பாக்குறீங்க?”

“பறவை.”

“எந்தப் பறவை?”

சரிபார்ப்பாளரின் கேள்வியேதான். ஆனால் இவர் வெண்பிறை கேட்கவில்லை. பைனாகுலரை வாங்கி அவரே ஒரு நிமிடம் பார்த்தார். “காக்கா மாதிரி பொறுக்குது, புறா மாதிரி நிக்குது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார் (செருப்பு அணிந்தவர், வாய்மொழி, காலை 6.40, பெயர் சொல்ல மறுத்துவிட்டார், என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்). இவ்வாய்வின் மையச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதை அப்போது நான் உணரவில்லை.

வகைப்பாடு

பூநாரை: தனுஷ்கோடியில் இதற்கென்றே 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்தாயிற்று; இது வேறு அந்தஸ்து, இங்கே இடமில்லை.

நண்டு தின்னும் உள்ளான்: நண்டு தின்கிறது. பெயர் வைத்தவர் நேர்மையானவர்.

கல்திருப்பி: கல்லைப் புரட்டி அடியில் இருக்கும் பூச்சியைத் தின்ன வேண்டும் என்பது நூல் விதி. துறையோரம் கல் குறைவு என்பதால் பால் கவரைப் புரட்டுகிறது. பெயர் மாற்றக் கோரி யாரும் மனுக் கொடுக்கவில்லை.

செம்பருந்து: கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்; போட்டு முடிப்பதற்குள் கூடையிலிருந்து ஒரு மீன் குறைந்துவிடுகிறது.

உப்புக்கொத்தி: சிறிய மணல் நிற உப்புக்கொத்தி ஒன்றை நெடுநாளாக ஒரே இனம் என்று எண்ணிவந்தோம். 2023-இல் உலகப் பட்டியலைத் திருத்துகிறவர்கள் அதைத் திபெத்திய இனம், சைபீரிய இனம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். சேற்றில் நின்ற பறவைகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவை பழையபடி ஒன்றாகவே நிற்கின்றன. பாகப் பிரிவினைக்குப் பிறகும் ஒரே முற்றத்தில் வடகம் காயப்போடும் அண்ணன் தம்பி மனைவியர் போல.

ஆலா: இதில் மீசை ஆலா என்று ஒன்று உண்டு. அதற்கு மீசை இல்லை. கூடு கட்டும் பருவத்தில் கன்னம் வெளுத்து, வயிறு கறுத்து, மீசை மாதிரித் தெரியுமாம். நம்மிடம் வரும்போது மழித்துவிட்டு வருகிறது.

மீசை இல்லாத இந்த மீசைதான் ஆய்வாளரை அடுத்த இயலுக்குள் தள்ளியது.

இல்லாத தலை

துறையில் பெரும்பான்மை இனம் பழுப்புத்தலைக் கடற்காகம். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1840-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். லத்தீனிலும் பழுப்புத்தலை என்றே பொருள். லடாக், திபெத் பக்கத்து உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரிக்கிறது. லடாக்கின் சோ மொரிரி ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம். அங்கே கோடையில் தலை பழுப்பாக இருக்கும். கடல் மட்டத்துக்கு இறங்கி நம்மிடம் வரும் பருவத்தில் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய கரும்பொட்டு மட்டும், பச்சைக் குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டி மை வைத்தது போல.

அதாவது ஐந்து மாதம் நம் ஊர்ச் சங்காயத்தை, அதாவது கழிவு மீனைத் தின்றுகொண்டு, நம் முன்னால் ஒரு நாளும் காட்டாத தலையின் பெயரால் அது அறியப்படுகிறது. இதனோடு ஒப்புநோக்கத்தக்கது கருந்தலைக் கடற்காகம். அதன் தலை கறுப்பல்ல. கோடையில் சாக்லேட் பழுப்பு. குளிர்காலத்தில் அதுவும் வெள்ளை. ஆக, கருந்தலை என்பது பழுப்புத்தலை. பழுப்புத்தலை என்பது வெளிர்பழுப்புத்தலை. இரண்டும் இங்கே வெண்தலை. இதைக் குளிர்காலப் பறவையியல் என்கிறார்கள். இல்லாத பொருளைக் கொண்டு இருக்கும் பொருளைப் பெயரிடும் இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. எங்கள் தெருவில் ‘புதுவீட்டுக்காரர்’ என்று ஒருவர் இருக்கிறார். அந்த வீட்டில் ஆலங்கன்று முளைத்துவிட்டது.

இந்த நுட்பத்தைத் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “தலையைப் பாத்தா சம்பளம்? வாயைப் பாருங்க” என்றார் (வலை பின்னுபவர், வாய்மொழி, வத்தைப் படகின் நிழலில், ஊசியை வாயில் கவ்வியிருந்ததால் ‘வாயை’ என்பது ‘மாயை’ என்றும் பாடபேதம் கொள்ள இடமுண்டு).

சாம்பல் எவ்வளவு சாம்பல்?

சில காலைகளில், சிறிய கடற்காகங்களுக்கு நடுவே பெரிய கடற்காகம் ஒன்று, கல்யாண வீட்டுக்கு வந்த வட்டிக்காரர் போல நடந்துவரும். பிரச்சினை இங்கேதான் முற்றுகிறது. அது ஹியூக்ளின் கடற்காகமா, ஸ்டெப்பி கடற்காகமா? இரண்டும் தனி இனமா, இன்னொன்றின் உள்ளினமா? நீங்கள் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயிரியல் மாணவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்றாகத் தெரியும். வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவி, வளையத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டு தனி இனங்களாக நிற்கின்றன என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் எழுதினார். அழகான கருத்து. எல்லாப் பாடநூலிலும் ஏறியது. 2004-இல் மரபணுவைச் சோதித்தவர்கள், வளையமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வளையம் போனாலும் பாடம் போகவில்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக அது இன்னும் துருவத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதுகின் சாம்பல் நிறம்தான் இவற்றைப் பிரிக்கும் முக்கிய அடையாளம். எவ்வளவு சாம்பல் என்று சொல்ல, மேலைநாட்டு வல்லுநர்கள் கோடாக் நிறுவனத்தின் சாம்பல் அளவட்டையைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை இருபது படிகள், ஒவ்வொன்றுக்கும் எண். பறவையின் முதுகை இத்தனையாம் எண் சாம்பல் என்று குறிப்பார்கள். இந்த அட்டை என்னிடம் இல்லை. ஆகவே உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு இராமேசுவரம் சாம்பல் அளவுகோல் ஒன்று உருவாக்கப்பட்டது. இவ்வாய்வின் நிலையான பங்களிப்பு இதுவே எனக் கருதுகிறேன்.

முதற்படி, பிராகாரத்தில் அப்போதுதான் பூசிய ஈரத் திருநீறு. அடுத்தது, அதே திருநீறு காய்ந்தபின். அதன்பின் அக்னி தீர்த்தத்தில் முக்கிப் பிழிந்த வெள்ளை வேட்டி. இதற்குள்ளேயே முதல் நாள் வேட்டி, மூன்றாம் நாள் வேட்டி, இருபத்திரண்டு தீர்த்தமும் முடித்த வேட்டி என்று உட்பிரிவுகள் வேண்டியிருந்தன. பிறகு கருவாட்டுச் சாக்கு. பிறகு, காயாத சிமெண்ட். பிறகு மழைக்கு முந்தைய பாக் நீரிணை. பிறகு என் ஸ்கூட்டர் இருக்கை. கடைசியில் தார்ச்சாலை.

அளவுகோல் தயாரானதும் பெரிய கடற்காகத்தை அளக்கச் சென்றேன். ஏழு மணி வெயிலில் அது மூன்றாம் நாள் வேட்டி. ஏழேகாலுக்கு மேகம் வந்ததும் சிமெண்ட். படகின் நிழலுக்குள் நடந்ததும் ஸ்கூட்டர் இருக்கை. பக்கவாட்டில் திரும்பியபோது மீண்டும் வேட்டி, ஆனால் வேறொருவருடையது. பதினைந்து நிமிடத்தில் ஒரே பறவை மூன்று இனங்களைக் கடந்தது. துருவத்தைச் சுற்றிய வளையத்தை மேயர் கண்டார். ஐஸ் பெட்டியைச் சுற்றிய வளையத்தை நான் கண்டேன். (இக்கருத்தை ஐஸ் உடைப்பவர் மறுக்கிறார்: அந்தப் பறவை பெட்டியைச் சுற்றவில்லை, பெட்டியின் மேல் இருந்த சூடை மீனைச் சுற்றியது என்பது அவர் கூற்று, கூற்றை அவர் மைத்துனர் வழிமொழிகிறார், மைத்துனர் அன்று கடலில் இருந்தார் என்று வலை பின்னுபவர் ஆட்சேபிக்கிறார், முற்சுட்டியவர், முற்சுட்டிய நிழல், ஆட்சேபத்துக்கு மறுப்பு டீ ஆறுவதற்குள் தெரிவிக்கப்பட்டது, டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் கருத்தொற்றுமை எட்டப்படவில்லை.)

இன்னொரு செய்தி. சிறிய கடற்காகம் முழு இறகு பெற இரண்டு ஆண்டு. பெரியதற்கு நான்கு ஆண்டு. அதுவரை ஆண்டுக்கு ஒரு உடுப்பு, ஒவ்வொன்றும் அழுக்குப் பழுப்பில் ஒவ்வொரு விதம், யார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முனைவர் பட்டத்துக்குப் பதிந்த மாணவரும் இதே கால அளவில், இதே நிறத்தில், துறை வாசலில் மேற்பார்வையாளர் எப்போது எதைப் போடுவார் என்று காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மேலும் எழுத விரும்பவில்லை. எனக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

காகக் கட்சியும் புறாக் கட்சியும்

மையச் சிக்கலுக்கு வருவோம். இந்தப் பறவையைத் தமிழில் கடற்காகம் என்றும் சொல்கிறோம், கடற்புறா என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. காகத்துக்கு ஒரு நியாயம், புறாவுக்கு ஒரு நியாயம்.

காகக் கட்சிக்குப் பழமை துணை. ஐங்குறுநூற்றின் நெய்தலில் அம்மூவனார் சிறுவெண்காக்கைப் பத்து என்றே ஒரு பத்து பாடியிருக்கிறார். பத்துப் பாட்டிலும் கடற்கரை, பத்துப் பாட்டிலும் அந்த வெள்ளைக் காக்கை. அது கடற்காகமா ஆலாவா என்று உரையாசிரியர்கள் இனியும் மோதலாம். பத்தில் ஒன்றில்கூட உள்சிறகின் வெண்பிறை பற்றிக் குறிப்பில்லை. அன்றைக்குச் சரிபார்ப்பாளர் இருந்திருந்தால் பத்தையும் திருப்பி அனுப்பியிருப்பார். நெய்தல் தொண்ணூறோடு நின்றிருக்கும்.

புறாக் கட்சிக்குச் சாண்டில்யன் துணை. ஆனால் அவர் கடல் புறா என்று பெயரிட்டது கருணாகர தொண்டைமானின் கப்பலுக்கு. கப்பல் சங்காயம் பொறுக்காது. சான்று வலுவற்றது, இருப்பினும் வாசகர் எண்ணிக்கையில் இந்தக் கட்சியே வெல்லும்.

கிட்டத்தட்ட இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை என்ற நிலையில், தை அமாவாசை அன்று அக்னி தீர்த்தக் கரையில் சிக்கல் திடீரென்று ஆன்மிகப் பரிமாணம் பெற்றது. ஒரு குடும்பம் பிண்டம் கரைத்துவிட்டு, இலையில் கொஞ்சம் சோறு வைத்துக் காக்கைக்குக் காத்திருந்தது. காக்கை வரவில்லை. அன்றைக்கு இராமேசுவரத்துக் காக்கை ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் இலை. கரையோரம் மிதந்துகொண்டிருந்த பழுப்புத்தலை (வெண்தலை) எழுந்து வந்து இலையின் ஓரத்தில் இறங்கி, இரண்டு வாய் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

குடும்பம் திகைத்தது. மூத்த மகன் என் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, “சார், அது காக்காயா?” என்றார். என் ஆய்வு வாழ்வில் முதல்முறையாக ஒருவர் உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டார். கடற்காகம் என்றால் அப்பா சாப்பிட்டுவிட்டார். கடற்புறா என்றால் அப்பா இன்னும் பட்டினி. நான் அறிவியலின் பக்கம் நின்றேன். காகமும் இல்லை, புறாவும் இல்லை, இது உள்ளானுக்கு உறவு. காகத்தின் வரிசை வேறு, புறாவின் வரிசை வேறு என்று விளக்கினேன். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

புரோகிதர்தான் காப்பாற்றினார். “கடல் ஓரத்துல வெச்சது, கடல்லேர்ந்து வந்து எடுத்துண்டிருக்கு. வருணன் கணக்குல ஏறிடுத்து. மேல கேக்காதீங்கோ” என்றார் (புரோகிதர், இடுப்பளவு நீரில் நின்றபடி, ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்களுக்குச் சங்கல்பம் செய்துகொண்டே, ஒப்புநோக்குக: செருப்பு அணிந்தவர், முற்சுட்டியது, முரண்: ஆய்வாளர், முன் பத்தி, அம்மா அழுததற்கு அவரே பொறுப்பு). அவர் தந்தது தீர்ப்பு. நான் தந்தது தகவல். தட்சணை அவருக்குப் போனது நியாயமே.

வலசைக்கான காரணம்

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, 61 நாள். பழுப்புத்தலைகளும் அந்தச் சமயத்தை ஒட்டியே வடக்கே போய்விடுகின்றன. படகில்லாத துறையில் இருந்து என்ன பயன்? எனவே, தடைக்காலமே வலசைக்குக் காரணம் என்ற கருதுகோள் முன்வைக்கப்பட்டது. தடைக்காலம் 2001-இல்தான் வந்தது, அதுவும் 2017-க்கு முன் 45 நாள்தான். பறவைகள் பல்லாயிரம் ஆண்டாகப் போய்வருகின்றன என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எனவே கருதுகோள் தலைகீழாக்கப்படுகிறது: பறவைகள் கிளம்பும் நாளைப் பார்த்துத்தான் அரசு தடைக்காலத்தை வைத்தது. இதை மறுக்க இதுவரை யாரும் முன்வரவில்லை. எனவே நிறுவப்பட்டது.

தரவு அளித்தல்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. 2015 முதல் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. விடியுமுன் எழுந்து, சேற்றில் இறங்கி, ஒன்று இரண்டு என்று எண்ணும் மனிதர்கள் இருப்பதால்தான் எது குறைகிறது என்று நமக்குத் தெரிகிறது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சரிபார்ப்பாளர் வேறு ரகம்; அவர் சேற்றில் இறங்கி நான் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்து இரண்டு வாரம் ஆனபின், ஒரு வியாழக்கிழமை காலை, கடைசிப் படகும் மீனை இறக்கி முடிந்திருந்தது. வத்தை ஒன்றின் முனையில் தனியே ஒரு கடற்காகம். பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். தலை வெள்ளையில்லை. முகத்தை டிகாக்‌ஷனில் முக்கி எடுத்ததுபோல், கண்ணைச் சுற்றி, உச்சி வரை, திட்டுத் திட்டாகப் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பெயர் கடைசியில் பறவைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு வலை பின்னும் பெரியவரைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தலை அழுக்காயிருச்சு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஊருக்குக் கிளம்பிரும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணியை எண்ணத் தொடங்கினார்.

அவசரமாக ஒரு படம் எடுத்து, ‘பழுப்புத்தலைக் கடற்காகம் – 1, பழுப்புத் தலையுடன்’ என்று அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கேள்வி வந்தது: கருந்தலை இல்லை என்பதற்கு ஆதாரம் என்ன? சிறகு நுனி தெரியும் படம் உண்டா?

என் படத்தில் வத்தையின் முனை தெளிவாகத் தெரிந்தது.